இந்த வரிசை எதற்கு

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எங்கே வரிசையைக் கண்டாலும் முதலில் போய்க் கடைசியில் நின்றுகொள்வோம், எதற்கு என்று பிறகுதான் கேட்போம். கேட்டுவிட்டு நிற்கலாம் என்று யோசிப்பதற்குள் பத்துப் பேர் முன்னால் நுழைந்திருப்பார்கள். தண்ணீருக்கு, போர்வைக்கு, ஊசிக்கு, கையெழுத்துக்கு என்று மூன்று வருஷம் நின்று பாருங்கள், உங்கள் காலும் தானாகப் போகும். என் வீட்டுக்காரர் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு ஒரு சிவப்புப் பலூனோடு வந்தார். ஏதோ செருப்புக் கடை திறப்பு விழாவாம். நான் கத்திய கத்தலில் அந்தப் பலூன் வெடித்திருக்க வேண்டும். மனுஷன் அசராமல் அதைக் கட்டில் காலில் கட்டிவிட்டுப் படுத்துவிட்டார்.

அதற்காக அவரை ஒரு வருஷம் ஓட்டு ஓட்டென்று ஓட்டினேன். இப்போது வாயைத் திறக்க முடியாது. நான் போய் நின்ற வரிசைக்கு அந்தப் பலூன் வரிசை எவ்வளவோ தேவலை.

ஒரு ஹோட்டல் லாண்டரியில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள் நான். அங்கே என் பெயரே இஸ்திரிப்பெட்டிதான். வேலையும் அதுதான், சூடும் அதுதான் என்பார்கள். சண்டை வந்து ஊரைவிட்டு ஓடிவந்த நூற்றுப்பத்துக் குடும்பங்களை ஒரு பழைய நூல் கிடங்கில் தங்க வைத்திருக்கிறார்கள். குடும்பத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு. எங்கள் தடுப்பில் நானும் வீட்டுக்காரரும் என் நாத்தனாரும், அதாவது அவருடைய தங்கையும் இருக்கிறோம். அவளைப் பேச வைப்பதும் எங்கள் குழாயில் தண்ணீர் வர வைப்பதும் ஒன்றுதான். வந்த அன்றைக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அவள் புருஷன் எல்லைக்கு அந்தப் பக்கம் வேறொரு முகாமில் இருக்கிறான். ஓடிவந்த அன்று லாரியில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு இடம் விட்டு இறங்கினான், அடுத்த வண்டியில் வருகிறேன் என்றான். அடுத்த வண்டி வேறு பாதையில் போய்விட்டது. தினமும் மத்தியானம் இவள் இங்கே தட்டை வைத்து, போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைப்பாள். அவன் அங்கே அதே மாதிரி வைப்பான். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பேச்சு ஒன்றும் கிடையாது. அவன் ஒரு வாய் வைத்தால் இவள் ஒரு வாய் வைப்பாள். சிக்னல் போய்விட்டால் கையைக் கழுவிவிடுவாள், பாதிச் சோறு தட்டிலேயே கிடக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வந்துவிடும். அதை மறைக்க சோற்றை வீணாக்குகிறாய் என்று அவளைத் திட்டுவேன்.

இந்த வருஷம்தான் பிரிந்த குடும்பங்களைச் சேர்த்து வைக்க ஒரு விண்ணப்பம் விட்டார்கள். மொத்தம் ஏழு பக்கம். கடைசிப் பக்கத்தில் இந்த ஊரில் ஐந்து வருஷத்துக்கு மேல் குடியிருக்கும் இரண்டு பேர், இவரை எனக்குத் தெரியும் என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒன்றை எங்கள் லாண்டரி சூப்பர்வைசர் போட்டார். இன்னொன்றைப் போடுவதாகக் கிடங்குக்கு எதிரே இருக்கும் மளிகைக் கடைக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். கடைசி நாள் காலையில் போய் நின்றால், எதற்கம்மா வம்பு என்று கையை விரித்துவிட்டார். இரண்டு வருஷமாக அவரிடம்தான் உப்பும் சோப்பும் வாங்குகிறோம். எங்கள் சோப்பு என்ன சோப்பென்று அவருக்குத் தெரியும், எங்களைத் தெரியாதாம்.

அன்று நான்கு மணிக்குள் கொடுக்காவிட்டால் அடுத்த வருஷம்தான். ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் பரவாயில்லை, பல்லைக் காட்டி ஒரு வாரம் தவணை கேட்கலாம் என்று நாத்தனாரை இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அகதிகள் அலுவலகம் பழைய தபால் நிலையக் கட்டடத்தில் இருந்தது. போய்ப் பார்த்தால் வாசல் வரை வரிசை. உடனே போய் நின்றுவிட்டோம். மேலே பெரிதாக ஒரு பேனர் தொங்கியது. அரசாங்க ஆபீஸில் எதற்குத்தான் பேனர் கட்டவில்லை, அதை யார் படிக்கிறார்கள்? வாசலில் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் எல்லாருக்கும் ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தாள். மேலே எண் இருந்தது, கீழே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. எண் முப்பத்தேழு என்று பார்த்துக்கொண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டேன்.

உள்ளே போன பிறகுதான் ஆட்களைக் கவனித்தேன். எல்லாரும் நல்ல துணி உடுத்தியிருந்தார்கள். என் கண்ணுக்கு முதலில் தெரிவது இஸ்திரிதான். ஒரு மடிப்புக் கலையவில்லை. ஐயோ பாவம், இவர்களுக்கும் வீடு போய்விட்டதா, எந்த ஊரில் புதிதாகச் சண்டை வந்ததோ என்று அங்கலாய்த்துக்கொண்டேன். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் ஐம்பது வயதுக்காரி, முத்துக் கம்மல் போட்டவள். வீடு எப்படிப் போயிற்று என்று மெதுவாகக் கேட்டேன். அவள் தன் சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, வீடு எரிந்துபோய்விட்டது என்றும், இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஒன்பது நாள் நடந்து வந்ததாகவும் சொன்னாள். சொல்லும்போது கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அழுது அழுது வற்றிப் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானத்துக்கு நான் கொண்டுபோயிருந்தது ஒரே ஒரு பன். அதில் பாதியைப் பிய்த்து அவள் கையில் திணித்தேன்.

வரிசை அசையவே இல்லை. நாற்பது பேருக்கு மூன்று நாற்காலி, காற்றாடியும் ஓடவில்லை. அரை மணிக்கு ஒருமுறை ஒருவன் கதவைத் திறந்து, கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டான். எங்களுக்கு இதெல்லாம் பழகிய சங்கதி. மற்றவர்கள் தவித்தார்கள். முக்கால் மணிக்குள் முத்துக் கம்மல் அம்மாள் கால் வலிக்கிறது, போய்விடலாமா என்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு போய்விடலாமா என்றால் என்ன அர்த்தம்? அவளைப் பிடித்து நிறுத்தினேன். நிற்கவும் ஒரு முறை இருக்கிறது. ஒரு காலில் பாரத்தைப் போட்டு அடுத்ததை ஆற விட வேண்டும். பையைக் கீழே வைத்து இடம் பிடித்துவிட்டு முறை போட்டு உட்கார வேண்டும். காகிதத்துக்கு மூன்று நகல் வேண்டும், எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்க வேண்டும். ஜன்னலில் எதைக் கேட்டாலும் தெரியாது என்று மட்டும் சொல்லக் கூடாது. சுற்றி நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். ஒருவர் குறிப்பே எடுத்தார். என் பேச்சுக்கு இவ்வளவு மரியாதை அதுவரை எங்கேயும் கிடைத்ததில்லை, எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று மணிக்கு எங்கள் முறை வந்தது. ஜன்னலுக்குப் பின்னால் மீசைக்காரர் ஒருவர். ஏழு பக்கத்தையும் புரட்டினார், ஒரு கையெழுத்துக் குறைகிறது, நாளைக்கு வாருங்கள் என்றார். இன்றைக்குத்தான் கடைசி நாள் என்று நான் ஆரம்பித்தேன், அவர் கேட்கவில்லை. குரலை ஏற்றினேன், அப்போதும் கேட்கவில்லை. நான் மூச்சு வாங்கிய நேரத்தில்தான் என் நாத்தனார் வாயைத் திறந்தாள்.

"சார், மூணு வருஷமா நாங்க போன்லதான் ஒண்ணா சாப்பிடறோம். அவர் தட்டுல என் கையால ஒரு தடவை சோறு போடணும். நாளைக்கு வான்னு சொல்லாதீங்க. எங்களுக்கு நாளைக்குன்னா அடுத்த வருஷம்."

மீசைக்காரர் முகம் என்னவோ போலாயிற்று. அக்கம் பக்கம் பார்த்தார். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து ஒரு முத்திரையை எடுத்து, கடைசிப் பக்கத்தில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.

கத்திவிட்டேன். நாத்தனாரைக் கட்டிக்கொண்டேன், முத்துக் கம்மல் அம்மாளையும் கட்டிக்கொண்டேன். நாற்பது பேரும் கை தட்டினார்கள். எந்த ஆபீஸில் கை தட்டுவார்கள் என்று எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். முத்துக் கம்மல் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் கையைப் பிடித்தாள்.

"அழ வெச்சிட்டீங்கம்மா ரெண்டு பேரும். நீங்க எந்த நாடகக் குழு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாத்தனார்தான் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அழகான ஊதா வட்டம். நடுவில் ஒரு பறவை. சுற்றிலும், 'அகதிகள் விழிப்புணர்வு வாரம்: அவர்கள் நிற்கும் வரிசையில் இரண்டு மணி நேரம்' என்று எழுதியிருந்தது. முழுசாகப் பதிந்த முத்திரையைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எந்த ஆபீஸ் முத்திரை முழுசாகப் பதிந்திருக்கிறது?

விஷயம் இதுதான். அகதிகள் அலுவலகம் போன மாதமே இரண்டு தெரு தள்ளி மாறிவிட்டது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. காலியான கட்டடத்தில், எங்கள் கஷ்டத்தை ஊருக்குப் புரியவைக்க ஒரு கண்காட்சி நடத்துகிறார்கள். வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு சீட்டு. நீ ரெண்டு பிள்ளைக்காரி, உன் வீடு எரிந்துவிட்டது என்று அதில் இருக்கும். முத்துக் கம்மல் அம்மாள் பல் டாக்டர். வீடு அப்படியே இருக்கிறது, மூன்று படுக்கையறை. மீசைக்காரர் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர். யார் வந்தாலும் நாளைக்கு வா என்று சொல்வது அவருக்குக் கொடுத்த வேலை. மனசு கேட்காமல் எங்களுக்கு மட்டும் முத்திரை குத்தியிருக்கிறார், நாங்களும் நடிக்கிறோம் என்று நினைத்து. அதையும் அவரே ரப்பரில் வெட்டிச் செய்தாராம். நான் இருந்த நிலைமையிலும் அது என் கண்ணில் பட்டது, நன்றாகத்தான் வெட்டியிருந்தார்.

நாத்தனார் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. முதலில் வெளியே வந்தது ஆத்திரம்தான்.

"என் பாதிப் பன்னைக் குடுங்க டாக்டரம்மா. ஒன்பது நாள் நடந்தேன்னு சொன்னீங்களே, வெக்கமா இல்ல? நாங்க நிஜமா நடந்தோம்."

டாக்டரம்மா கூனிக் குறுகிப் போனாள். பன் எப்போதோ உள்ளே போய்விட்டது. அங்கே இருந்த நாற்பது பேரில் ஒருவருக்கும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. டிராயிங் மாஸ்டர்தான் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்தார். மணி மூன்று பத்து, புது ஆபீஸ் நடக்கிற தூரம்தான், இப்போதே கிளம்பினால் பிடித்துவிடலாம் என்றார். நாத்தனாரை நான் ஒரு பக்கம் தூக்க, டாக்டரம்மா மறுபக்கம் தூக்கினாள். நாங்கள் நடக்க ஆரம்பித்ததும் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் மொத்த வரிசையும் வருகிறது. கழுத்தில் அட்டை மாட்டிய பெண் கண்காட்சிக் கதவைப் பூட்டிவிட்டு ஓடிவந்தாள்.

நிஜ ஆபீஸில் எங்களுக்கு முன்னால் பதினோரு பேர், எல்லாரும் எங்கள் மாதிரி ஆட்கள். டிராயிங் மாஸ்டர் நேராக ஜன்னலுக்குப் போய்ப் பேசப் போனார். அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். முன்னால் நிற்கிறவர்களுக்கும் இன்றைக்குத்தான் கடைசி நாள், நமக்கு அவசரம் என்றால் அவர்களுக்கு அவசரமில்லையா என்று கேட்டேன். அவர் வந்து பின்னால் நின்றார். எங்களுக்குப் பின்னால் நாற்பது பேரும் ஒற்றை வரிசையில் நின்றார்கள். நான் சொல்லிக் கொடுத்தபடி ஒரு காலில் பாரத்தைப் போட்டு அடுத்ததை ஆற விட்டு நின்றார்கள். அந்த ஆத்திரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நான்கு அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது எங்களுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் பாக்கி. ஜன்னலில் இருந்த கண்ணாடிக்கார அம்மாள் வழக்கம்போல் ஷட்டரை இழுக்கக் கையைத் தூக்கினாள். நான்கு மணிக்கு உள்ளே நிற்பவர்கள் அனைவரும் கவனிக்கப்படுவார்கள் என்று சுவரில் பலகை மாட்டியிருக்கிறது. பழைய ஆபீஸிலும் அதே பலகைதான் இருந்தது. ஆனால் ஷட்டர் விழுந்ததும் நாங்கள் கலைந்து போய்விடுவோம், கேட்க எங்களுக்கு நாதியில்லை. அன்று டாக்டரம்மா அந்தப் பலகையைச் சத்தமாக ஒருமுறை படித்தாள். நாற்பது பேரும் அப்படியே நின்றார்கள். கண்ணாடிக்கார அம்மாள் வரிசையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினாள். அந்த விதிக்கு அன்றுதான் உயிர் வந்தது. எங்களுக்காகப் பலகையை ஒருவர் சத்தமாகப் படிக்க மூன்று வருஷம் ஆகியிருக்கிறது என்று சந்தோஷத்துக்கு நடுவிலும் எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் முறை வந்ததும் அந்த அம்மாள் கடைசிப் பக்கத்தைப் பார்த்து, இது என்ன பறவை என்றாள். டிராயிங் மாஸ்டர் தலையைச் சொறிந்துகொண்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பறவை இருந்துவிட்டுப் போகட்டும், இரண்டாவது கையெழுத்து எங்கே என்று கேட்டாள். டாக்டரம்மா பேனாவை எடுத்தாள். இந்த ஊரில் முப்பத்தொரு வருஷம் குடியிருக்கிறவள், அதற்கு அட்டை இருக்கிறது.

"இவங்களை உங்களுக்கு எவ்வளவு நாளாத் தெரியும்?" என்று கண்ணாடிக்கார அம்மாள் கேட்டாள்.

"மூணு மணி நேரமா. பசியோட நிக்கும்போது தன் பன்னுல பாதியை எனக்குக் குடுத்தவங்க வீட்டுப் பொண்ணு. முப்பது வருஷமா பக்கத்து வீட்டுல இருக்கிறவங்களைப் பத்தி எனக்கு இவ்வளவு தெரியாது."

அந்த அம்மாள் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தாள். தெரியுமா, ஆம், இல்லை என்றுதான் கட்டம் இருந்தது. எத்தனை நாளாக என்று கட்டமே இல்லை. டாக்டரம்மா ஆம் என்று குறித்துக் கையெழுத்துப் போட்டாள். கண்ணாடிக்கார அம்மாள் முத்திரையை மையில் தோய்த்து அழுத்தினாள். பாதிதான் பதிந்தது. பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது, இது நிஜ முத்திரையேதான்.

அன்று மத்தியானம் நாத்தனார் சாப்பிட்டிருக்கவில்லை. ஆபீஸ் படியில் உட்கார்ந்து புருஷனுக்குப் போன் போட்டு, விஷயத்தை நாலே வார்த்தையில் சொன்னாள். அந்தப் பக்கம் அவன் அழுதது எனக்கே கேட்டது. டாக்டரம்மா கடைக்கு ஓடி ஒரு பை நிறைய பன் வாங்கிவந்து என் மடியில் போட்டாள். எனக்கு இன்னமும் அவள் மேல் கோபம்தான், ஆனாலும் மூன்று சாப்பிட்டேன்.

ஏழு வாரம் கழித்து அனுமதி வந்தது. அவன் வருகிற நாளில் டாக்டரம்மாவும் டிராயிங் மாஸ்டரும் அந்த நாற்பது பேரில் பாதிப்பேரும் பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டார்கள். நடைமேடை ஒடுக்கமானது. கும்பலாக நின்று வழியை மறித்தார்கள். சும்மா இருப்பேனா, எல்லாரையும் அதட்டிக் கம்பியோரமாக ஒற்றை வரிசையில் நிறுத்தினேன். முதலில் நாத்தனார், நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த புதுத் துணியில். அவளுக்கு அடுத்து நானும் வீட்டுக்காரரும் நின்றோம். வீட்டுக்காரர் கையில் ஒரு சிவப்புப் பலூன், எங்கே வாங்கினாரோ தெரியாது, அன்று நான் கேட்கவில்லை. கடைசியில் டிராயிங் மாஸ்டர் நின்றார்.

பஸ் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் பின்னாலேயே, வரிசையின் வால் பக்கம் நின்றுவிட்டது. முன்னால் இருந்து நாங்கள் கழுத்தை நீட்டிப் பார்க்கிறோம். ஒருவர் ஒருவராக இறங்கினார்கள். கடைசியாக அவன் இறங்கினான். பாதியாக இளைத்திருந்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தவன் எதிரே இவ்வளவு நீள வரிசையைப் பார்த்தான். அவ்வளவுதான், அவன் கால் தானாக நடந்தது. நேராக வந்து டிராயிங் மாஸ்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு, பையிலிருந்து காகிதம் வைத்த பிளாஸ்டிக் உறையை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். பிறகு மாஸ்டர் தோளைத் தொட்டுக் கேட்டான்.

"அண்ணே, இது எதுக்கு வரிசை?"

மாஸ்டர் அவன் முகத்தை அதுவரை பார்த்ததில்லை. திரும்பி அந்தப் பிளாஸ்டிக் உறையைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். அவர் மீசை துடித்தது.

"உங்களுக்குத்தான் தம்பி," என்றார்.

அதற்குள் நாத்தனார் தன் முதல் இடத்தை விட்டுவிட்டு, எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு வரிசையின் கடைசிக்கு ஓட ஆரம்பித்திருந்தாள். வரிசையைக் கலைத்தால் நான் யாரையும் விட்டதில்லை. அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.